கீறல் யாருடையது?

மோட்டார் வண்டியின் மேற்பூச்சில் காணும் நுண்ணிய கீறல்களை உண்டாக்குவோர் யார் என்று வினவினால், தெருப்பிள்ளைகள் என்பர் சிலர். முட்செடி என்பர் சிலர். முன்னே சென்ற வண்டி தெறித்த கல் என்பர் வேறு சிலர். இவை யாவும் கீறுவது உண்மையே. ஆயினும் ஒரு வண்டியின்மேல் ஆயிரக்கணக்கில் கிடக்கும் மயிரிழைக் கீறல்களில் பெரும்பாலானவை, அவ்வண்டியை நாள்தோறும் துடைத்துத் தூய்மை செய்கிறவரின் கையால் விளைந்தவை. இதைக் கேட்கும் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். நாமும் முதலில் சுளித்தோம். பெங்களூரில் விடியற்காலை வாளியும் துணியுமாகப் புறப்பட்டு வண்டி துடைக்கச் செல்வோருள் நம் அன்பர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உளர். ஆதலால் இதனை ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாயிற்று.

காரியம் நடக்கும் முறை இது. சாலைப் புழுதியில் பொடிந்த கருங்கல் கலந்துள்ளது. கருங்கல்லில் அடங்கிய படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறவல்லது. வண்டிப் பூச்சு அதற்கு எம்மாத்திரம்? ஈரத்துணி அப்புழுதியைத் தொட்டதும் அக்கல்துகள் இழைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறகு கை செல்லுமிடமெல்லாம் அதுவும் சென்று கோடு இழுக்கிறது. துணியை வாளியில் அலசினால் துகள் நீரில் இறங்குகிறது. மறுமுறை அலசும்போது மீண்டும் துணியில் ஏறுகிறது. நாம் ஆலையில் இருந்த நாளில், பொறி துடைக்கும் பஞ்சுக்கழிவு தரையில் விழுந்துவிட்டால் அதனை எடுத்து மீண்டும் துடைக்கலாகாது என்று மூத்த தொழிலாளிகள் கண்டிப்பார்கள். காரணம் சொல்லமாட்டார்கள். அது இந்த வயதில்தான் நமக்கு விளங்கியது.

வண்டி துடைக்கும் இளைஞர் ஒருவர் ஒருநாள் மாலை நம்மிடம் வந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பன்னிரண்டு வண்டிகளைக் காலை எட்டு மணிக்குள் துடைத்து முடிப்பது அவர் வேலை. அவற்றுள் கறுப்பு வண்டி ஒன்றின் உரிமையாளர், தம் வண்டி முழுதும் சிலந்திவலை போலக் கீறல் விழுந்துவிட்டதென்றும், அதற்கு இவரே காரணமென்றும் கூறி, இரண்டு மாதக் கூலியை நிறுத்திவிட்டார்.

"ஐயா, நான் அந்த வண்டியைக் கல்லாலோ இரும்பாலோ தொட்டவன் அல்லன். துணியால்தான் தொட்டேன். தாங்கள் வந்து ஒரு சொல் சொல்லவேண்டும்" என்றார் அவர்.

நமக்குச் சினம் மூண்டது. அதற்குக் காரணம் உண்டு. நாம் வேலை செய்த ஆலையில், நெய்த துணியில் பழுது காணப்பட்டால் நெசவாளியின் கூலியில் பிடித்தம் செய்வார்கள். நூல் மட்டமானதா, தறி தேய்ந்துபோனதா என்று கேட்பாரில்லை. அப்பிடித்தத்தை நாமும் பலமுறை அடைந்திருக்கிறோம். ஆகவே அவர் பேசி முடிக்குமுன்னரே, "தம்பி, உன்மேல் குற்றமில்லை. நாளைக்கே வருகிறோம்" என்று வாக்களித்துவிட்டோம். வண்டியைப் பாராமலே தீர்ப்பளித்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

மறுநாள் அவ்வண்டியைக் கண்டோம். நிழலில் கண்ணாடிபோல் பளபளத்தது. வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியதும், கதிரவன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மயிரிழைகள் மின்னின. நாம் தலையை நகர்த்தினால் அவ்வட்டமும் உடன் நகர்ந்தது. கையை வட்டமாகச் சுழற்றித் துடைத்ததற்கு இதுவே சாட்சி என்றார் உரிமையாளர். அது பிழை. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகவே கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மாத்திரமே அவ்வொளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன; ஆகையால் வட்டம்போல் தோன்றுகிறது. இதனை நாம் எடுத்துரைத்தோம். வாதத்தில் வென்றுவிட்ட மகிழ்ச்சிகூடச் சிறிது நமக்கு உண்டாயிற்று. பிறகு இளைஞரின் வாளியைச் சாய்த்துப் பார்த்தோம். அடியில் மணல் படிந்திருந்தது. வட்டத்தைப்பற்றிப் பிழைபட்ட உரிமையாளர் துணியைப்பற்றிப் பிழைபடவில்லை.

அந்த வாளிக்கும் ஒரு வரலாறு உண்டு. 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பெங்களூரில் நீர்ப்பஞ்சம் முற்றியபோது, குடிநீரால் வண்டி கழுவுதலைக் குடிநீர் வாரியம் தடைசெய்து, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. மக்கள் குடிக்க நீரின்றித் தவிக்கையில் அது நேரிய ஆணையே. அக்கோடையில் வண்டிகளுக்குக் குழாயைத் திறந்துவிடுவதை நிறுத்திய அக்குடியிருப்பினர் பிறகும் அதனைத் தொடங்கவில்லை. புழுதியை முதலில் நீர் ஊற்றி ஓடவிட்டுப் பின்பு துணியால் தொட்டால் கீறல் குறையும். நான்கு வண்டிக்கு ஒரு வாளி என்றால் ஊற்றுவதற்கு நீர் ஏது?

கீறலைப் போக்கிக் கொடுத்தால் கூலியைக் கொடுத்துவிடுவதாக உரிமையாளர் கூறினார். பொறி வைத்துத் தேய்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோனால் நின்றுபோன கூலியைப்போல் பல மடங்கு செலவாகும். கையால் செய்யவேண்டும்.

இங்கே நம் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கடைகளில் ஒருவகைப் பாலிஷ் விற்கிறார்கள். அதிலுள்ள எண்ணெயும் மெழுகும் கீறலின் பள்ளத்தில் புகுந்து நிரப்பிக்கொள்ளும், கீறல் மறைந்துவிடும். சில முறை சோப்பு நீரால் கழுவியபின் அது கரைந்து, கீறல் மீண்டும் தலைகாட்டும். அதற்குள் கூலி கைக்கு வந்துவிடுமல்லவா? அந்தச் சீசாவை வாங்கிக்கொள்ளுமாறு இளைஞருக்கு நாமே யோசனை கூறினோம்.

அவர் சற்று நின்று, "ஐயா, அது கீறலைப் போக்குமா, மூடுமா?" என்று கேட்டார்.

"மூடும்."

"கீறல் திரும்பி வரும்போது அங்கே நிற்கப்போகிறவன் நான்தானே?"

ஞாயிறுதோறும் பொய்ம்மை தவிர்க்கும் சீலத்தை விளக்கியுரைக்கும் நமக்கு இக்கேள்வி எவ்வாறு இருந்திருக்கும் என்பதை அன்பர்களே உய்த்துணர்க. மெழுகு பூசுதல் பாவமென்று நாம் சொல்லவரவில்லை. நல்ல மெழுகு பூச்சைக் காக்கும். மூடியிருக்கிறேன் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டு மூடினால் அதில் வஞ்சனை ஏதுமில்லை. நாம் கருதியதோ வேறு.

இனிப் போக்குதல் என்பது யாது? கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தைப் பிடுங்கி எறிய எவராலும் இயலாது. சுற்றியுள்ள நல்ல பூச்சைப் பள்ளத்தின் அடிமட்டம்வரை தேய்த்துத் தாழ்த்தினால், பள்ளம் என்று சொல்ல ஒன்றும் இராது. கெட்டதை நீக்கினோம் என்று நாம் பெருமை பேசும்போது உண்மையில் செலவாகியிருப்பது நல்லது. அந்நல்லதும் அளவின்றிக் கிடக்கவில்லை. இக்காலத்து வண்டியில் இரும்புத் தகட்டின்மேல் அடிப்பூச்சுகளும், அவற்றின்மேல் நிறப்பூச்சும், எல்லாவற்றிற்கும் மேலாகக் கிளியர்கோட்டு என்று பட்டறையில் வழங்கும் நிறமற்ற பூச்சும் உள்ளன. நுண்கீறல்கள் இந்த மேற்பூச்சிலேயே கிடக்கின்றன. இதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்; தலைமயிர் ஒன்றின் பருமனைவிடக் குறைவு. வெயிலினின்று நிறத்தைக் காப்பதும் இதுவே. ஒவ்வொரு தேய்ப்பிலும் இது சிறிது கரைகிறது. மிக மெலிந்துவிட்டால் சில கோடைகளில் வெளிறி உரியத் தொடங்கும்; பின்பு புதிதாகப் பூச்சடிப்பதன்றி வேறு வழியில்லை. ஆகையால் எந்தக் கீறலைப் போக்குவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதில்தான் இத்தொழிலின் அறிவெல்லாம் அடங்கியிருக்கிறது.

பூச்சுவேலை அறிந்த அன்பர் ஒருவரிடம் முறைகளைக் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிறன்று வேலை தொடங்கினோம். வண்டி நிழலில், தகடு குளிர்ந்த நிலையில் இருத்தல் வேண்டும். இரண்டு வாளி: ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் துணியை அலசத் தனி நீர். கழுவி உலர்ந்தபின் நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். நகம் தட்டினால் அது ஆழமான கீறல், தேய்ப்புக்கு அடங்காது. பிறகு மென்மையான நுண்ணிழைத் துணியில் கடலைப்பருப்பளவு பாலிஷ் எடுத்து, ஓரடிச் சதுரத்துக்குமேல் போகாமல், நேர்கோடாக முன்னும் பின்னும், அடுத்துக் குறுக்காகவும் தேய்த்தல் வேண்டும். எடுத்தவுடனே கரடான காம்பவுண்டைத் தொடலாகாது. மிக மென்மையானதில் தொடங்கி, அது போதாதபோது மட்டும் அடுத்ததற்குச் செல்லவேண்டும். விளிம்புகளிலும் தகடு மடியும் வரைகளிலும் பூச்சு மெல்லியதாகையால் அங்கே கை போகலாகாது. துடைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, வேண்டுமானால் மறுபடியும். அன்று பொழுது சாயும்வரை முன்மூடியும் ஒரு கதவுமே முடிந்தன. நமக்குத் தோள் வீங்கியதுதான் மிச்சம். இளைஞர் நம்மை உட்காரச் சொல்லிவிட்டு எஞ்சியதைத் தாமே செய்தார். மூன்று ஞாயிறுகள் ஆயின. பொறியால் செய்ததுபோல் முற்றும் தெளிந்துவிட்டதென்று கூறமாட்டோம். வெயிலில் தேடினால் மங்கலாகச் சில இழைகள் தெரியத்தான் செய்தன. பின்கதவில் நகம் தட்டிய கீறல் ஒன்றை அவர் தொடவே இல்லை.

இந்த ஞாயிறுகளில் நம் மனத்தைக் குடைந்தது வேறொன்று. எண்ணமே வினை என்பது நம் அன்பர்கள் அறிந்த கோட்பாடு. தூய்மை செய்யும் எண்ணத்தோடு துடைத்தவர்க்கு, அறியாமல் விளைந்த கீறலால் குற்றம் சேராது. நாம் முதல்நாள் சினத்தில் கூறிய தீர்ப்பு, பாராமல் கூறியதேயாயினும், நாளதுவரைக்கும் சரியாகவே பொருந்துகிறது. ஆனால் வாளியைச் சாய்த்து அடியிலிருந்த மணலை அவர் கண்ணுக்குக் காட்டியவர் நாம். மறுநாள் அதே வாளியில் அதே துணியை நனைத்து அதே கையால் துடைத்தால், அது முன்போன்ற செயல்தானா? அல்ல என்றே எண்ணுகிறோம். அறிந்தபின் இழுக்கும் கோட்டில் இழுத்தவருக்குப் பங்குண்டு. அம்மணலை உடன் நின்று கண்ட உரிமையாளர், பழைய வாளியையும் பழைய நேரத்தையுமே தொடர்ந்து கொடுத்தால் அவருக்கும் பங்குண்டு. அது பெரிய பங்கு என்பது நம் கருத்து.

சங்கத்து நண்பர் ஒருவர் நம்மைக் கடிந்துகொண்டார். "அவனிடம் இருந்ததோ ஒரு வாளியும் அறியாமையும். அறியாமையை நீர் எடுத்துக்கொண்டீர், வாளியை இரண்டாக்கினீரா?" என்றார். இதற்கு எளிதில் விடை கூற நம்மால் முடியவில்லை. ஒன்றும் மனத்தில் தங்காத சூளபந்தகருக்குப் பகவன் வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருக்கப் பணித்த வரலாற்றை அவருக்கு நினைவூட்டினோம். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்கேறியதைக் கண்டே சூளபந்தகர் தெளிவு பெற்றார். ஆகவே துணியைக் காட்டுவது கொடுமையாகாது என்றோம். "சூளபந்தகருக்கு எட்டு மணிக்குள் பன்னிரண்டு வண்டி இல்லை" என்றார் நண்பர். அவர் சொன்னதும் மெய்தானே!

மூன்றாம் ஞாயிறு மாலை உரிமையாளர் வந்து பார்த்தார். பின்கதவுக் கீறலைச் சுட்டி, இது ஏன் நிற்கிறது என்றார். நாம் வாய்திறக்குமுன் இளைஞரே பேசினார். "அதை எடுத்தால் அந்த இடத்தில் மேற்பூச்சே இராது ஐயா. மற்ற இடங்களிலும் சிறிது தேய்த்துத்தான் இருக்கிறேன். அடிக்கடி இப்படித் தேய்க்கலாகாது. இனி இரண்டு வாளியும் மூன்று துணியும் இருபது நிமிடமும் வேண்டும். இல்லையென்றால் தூசி அப்படியே இருக்கட்டும். துடைப்பதைவிட அது நல்லது."

உரிமையாளர் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் இரண்டு மாதக் கூலியையும் கொடுத்தார். மறுநாள் ஒரு புதிய வாளி வந்தது.

இளைஞர் ஏனைய பதினொரு வீட்டாரிடமும் இவ்வாறே சென்று சொன்னார். இருவர் இசைந்தனர். மற்றவர்கள், பழையபடி ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும் என்றார்கள். அந்த ஒன்பது வண்டிகளில் ஐந்தை அவர் விட்டுவிட்டார். நான்கை இன்னும் பழையபடியே துடைக்கிறார். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய காலம். அந்த நான்கைப்பற்றி நாம் இதுவரை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.