உடல் வருத்தமும் நடுவழியும்

உடலை அளவுக்கு மீறி வருத்தினால் உடலே தண்டிக்கும், ஆகவே புத்தரின் நடுவழிதான் இயற்கையின் நீதி என்போர் கேப் டவுன் ஆய்வு ஒன்றைச் சான்று காட்டுவார்கள். 1982-இல் அங்கே 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தில் ஓடியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அடுத்த இரு வாரங்களில் சளி, தொண்டைவலி. ஓடாதவர்களில் அதில் பாதிக்கும் குறைவு. கடும் ஓட்டம் முடிந்த சில மணி நேரம் ரத்தத்தில் லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் குறைவதும் உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் அழிவதில்லை, நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குக் காவல் போகின்றன என்று இன்று ஆய்வாளர் பலர் வாதிடுகிறார்கள். தொண்டைவலி எல்லாமே தொற்றும் அல்ல. வறண்ட காற்றை மணிக்கணக்கில் வாயால் இழுத்தாலே தொண்டை எரியும்.

அப்படியானால் வருத்தத்துக்கு விலையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சரியான தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வாரக்கணக்கில் ஓடுகிறவரை நோய் எளிதில் பற்றும். அந்தக் குற்றம் உடலைப் பேணாத அலட்சியத்தைச் சேரும். முயற்சியின்மேல் அதைச் சுமத்துவது அநியாயம். புத்தர் கடும் நோன்பைக் கைவிட்டது அது ஞானத்துக்கு வழிவிடவில்லை என்று கண்டதால். அவருடைய முடிவுக்கு ரத்தப் பரிசோதனையின் சாட்சி தேவையில்லை.