விருந்தும் பசியும்

1

2024 மே மாதம் பதினோரு நாட்கள் இலங்கையில் சைக்கிளில் சுற்றினேன். நீர்கொழும்பில் ஒரு பழைய சைக்கிளை விலைக்கு வாங்கி, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் வரை போய், அங்கேயே அதை விற்றுவிட்டுத் திரும்பினேன். சாகசம் ஒன்றுமில்லை. வெயிலைத் தவிர வேறு எதிரி கிடையாது. இந்தக் கட்டுரையும் பயணத்தைப் பற்றியதல்ல. அந்தப் பதினோரு நாட்களில் சாப்பாட்டுக்கு நான் செலவழித்தது மிகக் குறைவு. ஊர் திரும்பியபின் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையைப் பற்றியது இது.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் தேநீர் வேளைகளில் ஒரு வாரம் போல இதுவே பேச்சாக இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள், காசு கொடுத்தால் வாங்க மறுத்தார்கள், மனிதன் அடிப்படையில் நல்லவன் - இப்படி. எங்கள் கடைநிலை ஊழியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னார்: "அங்கெல்லாம் கூச்சப்படாம வாங்கிச் சாப்ட்டிருக்கீங்க. நம்ம ஊரு தருமசாலையில ஒரு நாளாவது உக்காந்து சாப்ட்டிருக்கீங்களா சார்?"

இல்லை. நான் வடலூரில் பிறந்து வளர்ந்தவன். 1867 மே 23ஆம் தேதி ராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமசாலை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வருஷா வருஷம் தைப்பூசத்திற்கு அப்பா ஒரு மூட்டை அரிசி கொடுப்பார். நான்தான் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். பந்தியில் உட்கார்ந்ததில்லை. "அது இல்லாதவங்களுக்கு" என்பது அப்பாவின் விளக்கம். அதில் அடக்கம் இருந்ததாகவே இத்தனை காலம் நினைத்திருந்தேன். கேள்வி கேட்டவர், சிறு வயதில் அம்மாவோடும் தங்கையோடும் இரண்டு வருஷம் அங்கே சாப்பிட்டு வளர்ந்தவர் என்பதைப் பிறகு அவரே சொன்னார். அந்த அரிசி மூட்டைகளின் மறுபக்கத்தில் அவர் இருந்திருக்கிறார்.

2

பயணத்தில் நடந்த இரண்டு காரியங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அந்த ஆண்டு வெசாக் பௌர்ணமி மே 23இல் வந்தது. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும் சாலையில் இளைஞர்கள் கொடிகளை ஆட்டி வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். மறியல் என்று முதலில் பயந்தேன். சோறு போடுவதற்காக மறிக்கிறார்கள். 'தன்சல்' என்று பெயர். வெசாக்கை ஒட்டிச் சாலையோரங்களில் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சோறோ, அவித்த கடலையோ, குடிக்க ஏதாவதோ கொடுப்பது. நம் தண்ணீர்ப்பந்தலின் பெரிய உருவம். ஒரு பையன் "அய்யே" என்று கூப்பிட்டு என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் காரிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம்; பின்னால் காலில் செருப்பில்லாத ஒரு கிழவர். மூவருக்கும் ஒரே அகப்பை. யாரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது, கிளிநொச்சிக்குச் சற்று முன்னால். சைக்கிள் பஞ்சராகி ஒரு வீட்டு நிழலில் நின்றேன். இந்திய அரசின் உதவியில் கட்டப்பட்ட வீட்டுத் திட்ட வீடுகளில் ஒன்று. ஐம்பது வயதிருக்கும் அம்மா ஒருவர் வந்து, "எங்கையிருந்து வாறியள் தம்பி?" என்றார். சொன்னேன். "உள்ளுக்கு வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்." புட்டும் சம்பலும் தேத்தண்ணியும். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார் - எத்தனை பிள்ளைகள், எவ்வளவு சம்பளம், பஸ் இருக்கச் சைக்கிள் ஏன். நானும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தன்னைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம்: இந்த வீட்டில் இருக்க வேண்டியவர்கள் நான்கு பேர். 2009க்குப் பிறகு அந்தப் பகுதியில் அந்த வாக்கியத்திற்கு விளக்கம் தேவையில்லை.

நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படலையடியில் ஒரு முதியவர் வந்து நின்றார். அம்மா எழுந்து போய் ஒரு தட்டில் புட்டை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அதே புட்டு, அளவும் குறைவில்லை. முதியவர் வேலியோரம் குந்திச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை. "ஒவ்வொரு நாளும் வாறவர்" என்றார் அம்மா, என்னிடம் விட்ட கேள்வியைத் தொடருமுன்.

புறப்படும்போது தட்டின் அடியில் ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை வைத்தேன். சாலை வரை ஓடிவந்து அதை என் கையில் திணித்தார். "இது கடையில்லை, தம்பி." வங்கியில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இதுதான். படலையில் நின்றவரை ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுச் சொன்னேன். விட்டுவிடுகிறேன் என்ற பிரக்ஞைகூட அப்போது இல்லை.

3

'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் இலக்கிய வனப்புகளில் ஒன்றுக்கு இந்தப் பெயர் வைத்திருப்பதும் புதியது என்ற பொருளில்தான். பிறகு சொல் ஆளைக் குறித்தது. அதன்பின் ஆளுக்குப் போடும் சாப்பாட்டைக் குறித்தது. நம் மேடைகளில் தமிழ்ப் பண்பாட்டின் விருந்தோம்பலைப் பற்றி மார்தட்டுகிறவர்கள் இந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் நிபந்தனையைக் கவனிப்பதில்லை. புதியவனாக இருக்கும்வரைதான் ஒருவன் விருந்து. மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிறவன் விருந்தல்ல. அவனுக்கு வேறு சொல் இருக்கிறது.

வள்ளுவரே இவற்றைத் தனித்தனி அறைகளில் வைத்திருக்கிறார். விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம்; ஈகை இருபத்துமூன்றாவது. இரவும் இரவச்சமும் எங்கோ பொருட்பாலின் கோடியில், நூற்றாறு, நூற்றேழு. வீட்டுக்குள் வருகிறவன், வாசலில் பெறுகிறவன், கேட்கவே கூசுகிறவன் - இவர்கள் ஒரே ஆளாக இருக்கலாம் என்பதை அதிகார வைப்பு நமக்குச் சொல்வதில்லை.

ஹோமர் சொல்கிறார். ஒடிஸ்ஸியில் கரையொதுங்கிய ஒருவனை அயல்நாட்டு அரசன் அல்சினோஸ் உபசரிக்கிறான். முதலில் உணவு, பிறகுதான் பெயர். அவன் தன் கதையைச் சொல்கிறான், சபை மயங்குகிறது, பரிசுகளோடு கப்பலேற்றி அனுப்புகிறார்கள். அதே மனிதன் பிச்சைக்காரன் வேஷத்தில் தன் சொந்த வீட்டுக்குள் நுழைந்தபோது முக்காலியைத் தூக்கி எறிகிறார்கள். வயிறு அதேதான். அங்கே அவனிடம் சொல்ல ஒரு கதை இருந்தது. இங்கே பசி மட்டும் இருந்தது. நம் ஆற்றுப்படைகளும் இதற்கு விலக்கல்ல. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இந்த வகை. வறுமையில் வாடிய பாணனும் கூத்தனும் வள்ளலிடம் வழிகாட்டப்படுகிறார்கள். ஆனால் பாணன் கையில் யாழ் இருக்கிறது. யாழ் இல்லாத பசிக்காரனை எந்த ஆற்றுப்படையும் ஆற்றுப்படுத்தவில்லை.

என் யாழ் சைக்கிள். கிளிநொச்சி அம்மாவுக்கு நான் காசு கொடுக்கவில்லை என்பது முழு உண்மையல்ல. ஒரு மத்தியான நேரத்துக்குப் புதிய முகத்தையும், அக்கரைச் செய்திகளையும், பைத்தியக்காரத்தனமான ஒரு பயணத்தையும் கொடுத்தேன். அவர் கணக்குப் பார்த்துப் போட்டார் என்று சொல்லவில்லை. அவருடைய அன்பைச் சந்தேகிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. என் பக்கத்துக் கணக்கைத்தான் சொல்கிறேன். இலவசமாகப் பெற்றேன் என்று நான் கொண்டாடியது இலவசமல்ல. எனக்குக் கூச்சமில்லாமல் போனதற்குக் காரணமும் அதுவே. கூடவே, என் பையில் கடவுச்சீட்டும் திரும்பும் டிக்கெட்டும் இருந்தன. 1795இல் காண்ட் அந்நியனுக்கு விருந்தோம்பல் தயவல்ல, உரிமை என்று எழுதினார். அது வந்துபோகும் உரிமை, தங்கும் உரிமையல்ல என்று எல்லையும் போட்டார். நான் அந்த எல்லைக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறவன். நாளை இருக்கமாட்டேன் என்பது என் முகத்திலேயே எழுதியிருந்தது. படலையில் நின்றவர் நாளையும் வருவார்.

4

ராமலிங்க அடிகளின் ஜீவகாருண்ய ஒழுக்கத்தைச் சமயநூலாகப் படித்துப் பழகியவர்கள் அதில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். பசி உடம்பையும் மனசையும் அறிவையும் என்னென்ன செய்கிறது என்பதை அவர் உறுப்பு உறுப்பாகப் பட்டியல் போடுகிறார். வைத்தியன் நோயை விவரிக்கிற மாதிரி. சாப்பிட வருகிறவனைப் பற்றி ஒரு பட்டியலும் கிடையாது. தேசம், சாதி, சமயம், நடத்தை எதையும் பார்க்க வேண்டாம் என்கிறார். அதாவது, கதை வேண்டாம். வருகிறவன் புதியவனாக இருக்கவேண்டியதில்லை; நல்லவனாக, சுவாரசியமானவனாக, நன்றியுள்ளவனாக இருக்கவேண்டியதில்லை. பசி போதும். விருந்து என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்த நிபந்தனையை 1867இல் ஒருவர் கழற்றிப் போட்டார் என்பதுதான் தருமசாலையின் முக்கியத்துவம் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்சல் ஒரு திருநாளில் செய்வதை எல்லா நாளைக்குமாக்கினார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் பார்க்கவேண்டும். பெயர்கூடக் கேட்காமல் போடும் சோறு இயந்திரத்தனமானதல்லவா? கதிரை போட்டு எதிரே உட்கார்ந்து விசாரிப்பதில் உள்ள ஈரம் பந்தி வரிசையில் ஏது? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விசாரிப்பு யாருக்குச் சுகம்? சொல்லத்தக்க கதை உள்ளவனுக்கு. வேலை போனவன், வீட்டை விட்டு ஓடிவந்தவன், பிள்ளைகளால் விடப்பட்டவள் - இவர்களுக்குக் கேள்வியே கட்டணம். கேளாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. எங்கள் ஊழியர் சொன்னார்: "எங்கப்பா எங்கேன்னு அந்த ரெண்டு வருஷத்துல ஒருத்தரும் எங்கம்மாவக் கேக்கல சார்." அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு கடினமானது. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவனிடம் இருக்கிறது. இந்திரன் மழையைக் கொட்டி நாட்டைச் செழிக்க வைத்துவிட, உண்ண வருவோர் இல்லாமல் போகிறார்கள். பசித்தவர்களைத் தேடிக் கப்பலேறி, ஆளில்லாத மணிபல்லவத்தில் கைவிடப்பட்டு, பாத்திரத்தைப் பொய்கையில் இட்டுவிட்டுப் பட்டினி கிடந்து சாகிறான். ஆண்டுக்கொருமுறை அது நீரின் மேல் தோன்றுவது வைகாசிப் பௌர்ணமியில் - வெசாக் நாளில். கொடுப்பவனுக்குப் பசித்தவன் தேவைப்படுகிறான் என்பதை இவ்வளவு கொடூரமாகச் சொன்ன இடம் வேறில்லை. ஊர் செழித்ததும் ஆபுத்திரன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், அவன் தவித்தான். தருமசாலையின் அடுப்பு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அணையவில்லை என்று நாங்கள் வடலூர்க்காரர்கள் பெருமைப்படுகிறோம். அடுப்பு அணையவில்லை என்றால் பசியும் அணையவில்லை என்று பொருள். அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்த முதுகோடு வீடு திரும்பிய எங்களுக்கு, எதிர்ப்பக்கத்தில் உட்கார யாராவது எப்போதும் தேவைப்பட்டார்கள். அப்பாவின் அடக்கம் என்று நான் நினைத்தது இதுதானோ என்னவோ.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தருமசாலைக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்களோ என்று முதல் ஐந்து நிமிஷம் வாசலையே கவனித்துக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது: கட்டுரை எழுதுவதற்காக வந்தேன் என்று. யாரும் கேட்கவில்லை. சோறு போட்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்கு இடம் விடச் சற்று நகர்ந்துகொண்டார், அவ்வளவுதான். அந்நிய நாட்டில் பதினோரு நாட்கள் எங்கும் கூசாத எனக்கு, சொந்த ஊரில் முதல் கவளம் இறங்குவது கஷ்டமாக இருந்தது. பிறகு இறங்கியது. நல்ல சாப்பாடு.

மறுநாள் ஊழியரிடம் சொன்னேன். "பசிச்சுப் போனீங்களா சார்?" என்றார். காலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லவில்லை. வெளியே வரும்போது, யோசிக்காமலே, உண்டியலில் நூறு ரூபாய் போட்டேன். கிளிநொச்சியில் அதைத் திருப்பிக் கொடுக்க ஓடிவர ஒருவர் இருந்தார். இங்கே அது உள்ளே விழுந்துவிட்டது.