செல்வமும் செல்வவுணர்வும்



கச்சித் திருநகரின் தென்மேற்கே, பாலாற்றின் வடகரையை அடுத்துப் பொருந்திய செவிலிமேடு முன்னர்த் தனிப் பேரூராய் இருந்து, இப்பொழுது காஞ்சிபுரம் மாநகராட்சியுள் அடங்கி நிற்கின்றது. வந்தவாசி செல்லும் பெருவழி இவ்வூரைக் கடந்தே ஆற்றுப்பாலத்தை அடைகின்றது. இங்கும், நகரின் பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளிலும், பட்டுத்தறியின் ஓசை நெடுங்காலம் கேட்கப்பட்டு வருவது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக, மூன்று நாடா கொண்டு, பக்கத்தே ஓர் ஆள் துணையிருக்க நெய்யும் கோர்வை என்னும் தொழில் காஞ்சிப் பட்டிற்கே சிறந்த உரிமையுடையது. வெள்ளியிழைமேற் பொன்முலாம் ஏற்றிய சரிகை அதற்கு அணி. பொன்னும் வெள்ளியும் நாடோறும் கையிற் புரளப்பெறும் நெசவாளி ஈற்றில் எண்ணிப் பெறுவது கூலியே. பொன்னைத் தொடுதல் வேறு, பொன்னுடைமை வேறு, பொன்னுடையேம் என்னும் உணர்வு வேறு. இம்மூன்றும் வெவ்வேறாதல் இவ்வூரில் விளங்குமாறு போலப் பிறவிடத்து விளங்குதல் அரிது. மூன்றாவதனைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுந்தாம்.

கடந்த முப்பது ஆண்டுகளில் இந்நாட்டின் பொருள்நிலை பெரிதும் மாறிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மோட்டார் வண்டிகள் ஆக்கப்படுகின்றன. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஆலைகள் பல எழுந்தன. சென்னைத் தரமணியில் 2000 ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. தறிக்குழியின் அருகே தவழ்ந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் அவ்விடங்கட்குச் சென்று மாதவூதியம் பெறுகின்றனர். இதனை யாம் குறைகூறேம். முழங்காலும் கண்ணும் தேயத் தறியில் இருந்தவர் தம் மக்கட்கு அவ்வின்னல் வேண்டாவென எண்ணுதல் இயல்பே.

வியப்பாவது வேறொன்று. தந்தை ஓராண்டிற் கண்ட பொருளை மகன் சில திங்களிற் காண்கின்றான். ஆயினும் ‘போதவில்லை’ என்னும் சொல் அவ்வீட்டை விட்டு அகலவில்லை. என்னையெனின், தந்தை தன்னை அடுத்த வீட்டுத் தறியோடு வைத்து அளந்தான். மகனோ மேலதிகாரியோடும், அயல்நாடு சென்ற உடன்கற்றானோடும், கைப்பேசியிற் காணும் முகமறியாதாரோடும் வைத்து அளக்கின்றான். பொன் ஒரு பவுன் 2025 சனவரியில் 60,000 ரூபாயையும், அவ்வாண்டு ஏப்பிரலில் 70,000 ரூபாயையும் கடந்தது. மனைநிலத்தின் விலையைக் கூறவேண்டுவதின்று. அதே 2025 இல் நடுவணரசு புதிய வரிமுறையில் ஆண்டு வருமானம் 12 இலட்சம் ரூபாய் வரை வரியில்லை என அறிவித்தது. அவ்வெல்லையைக் கடந்து வரி செலுத்துவாரை நீவிர் யாவர் என வினவுமின். ‘நடுத்தரக் குடும்பத்தேம்’ என்பர். தம்மைச் செல்வர் என்று ஒப்புக்கொள்வாரைக் காண்டல் வரி அலுவலர்க்கும் அரிதேயாம்!

இந்நோய் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டிற் சார்லசு சுவாப் என்னும் நிதி நிலையத்தார் 2023 இல் மக்களை வினவினர். ஒருவர் செல்வராதற்கு எவ்வளவு உடைமை வேண்டும் என்றதற்கு, சராசரியாக 22 இலட்சம் டாலர் என விடை வந்தது. நீவிர் செல்வராக உணர்கின்றீரோ என்றதற்கு நூற்றுக்கு 48 பேர் ஆம் என்றனர். அங்ஙனம் ஆமென்றாருடைய உடைமையோ சராசரி 5,60,000 டாலரே. தாமே வகுத்த அளவில் நாலிலொரு கூறு உடையார் தம்மைச் செல்வராக உணர்கின்றனர்! அளவைக் கூறிய அறிவும், உணர்ந்த உணர்வும் ஒருவரிடத்தேயே இருவேறு வழிச் சென்றமை காண்க. டேனியல் கானமான், ஆங்கசு டீட்டன் என்னும் அறிஞர் இருவர் 2010 இல், ஆண்டு வருவாய் ஏறத்தாழ 75,000 டாலருக்கு மேற்செல்லின் அன்றாட மகிழ்ச்சி பின்னும் வளர்வதில்லை என்றனர். மாத்தியூ கில்லிங்சுவொர்த் என்பார் 2021 இல் அதனை மறுத்து, வளர்ந்துகொண்டே செல்லும் என்றார். 2023 இல் கானமானும் அவரும் கூடி ஆய்ந்து, பெரும்பாலார்க்கு வளர்வதே என்றும், பெரிதும் துன்புறும் சிறுபாலார்க்கே ஓரெல்லையில் நின்றுவிடும் என்றும் முடித்தனர். பொருளால் மகிழ்ச்சி சிறிதும் இல்லையென மேடைதோறும் முழங்குவார் இம்முடிபை நோக்கற்பாலர். பொருள் துன்பம் பலவற்றை நீக்கும். இதனைச் சித்தாந்தம் மறுப்பதின்று.

இனி நம் நூல்வழி ஆராய்வாம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் இறைவன் மாயையினின்றும் உயிர்கட்குக் கூட்டுவன. பொருள் போகத்தின்பாற் படுவது. அவ்வவர் வினைப்பயன் அவ்வவரையே சென்று பொருந்துமாறு வரையறுத்து நிறுத்துவது நியதி தத்துவம். ஆகலின், ஒருவற்கு வருவாய் யாது என்னும் வினா நியதியைப் பற்றியது. ‘இஃது அமையுமோ’ என்னும் வினாவோ அராக தத்துவத்தைப் பற்றியது. இரண்டும் வித்தியா தத்துவம் ஏழனுள் அடங்குவனவாயினும் தொழிலால் வேறு. நியதியாற் பெறுவது மிகுமாயின் அராகம் தானே அடங்கும் எனக் கருதி, ஒன்றன் வினாவிற்கு மற்றொன்றில் விடை தேடுதலே இக்காலத்தார் இடர்ப்பாடு.

அற்றேல், அராகம் தீயதோ எனின், அன்று. ஆணவ இருளிற் கேவலப்பட்டுக் கிடந்த உயிர்க்குக் கலை அவ்விருளைச் சிறிதே நீக்கி, வித்தை அறிவை எழுப்பி, அராகம் விழைவை எழுப்பினாலன்றி, அது வினையை நுகர்ந்து கழித்தற்கு இடமின்றாம். வேட்கையை வேரோடு களைக என்னும் புறச்சமயத்தாரின் நம்மவர் வேறுபடும் இடம் இது. செவிலிமேட்டு இளைஞன் பொருளை விழைதலும் அவனை இயக்கும் திருவருளின் மறைந்த தொழிலே.

பின்னர் எங்குப் பிழைக்கின்றது? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுமாறு போல, மிக்காரைச் சார்ந்து நோக்கும் உயிர் தன்னை வறிதாகவும், குறைந்தாரைச் சார்ந்து நோக்கும் உயிர் தன்னைச் செல்வமுடையதாகவும் காண்கின்றது. ஆகவே தாழ்ந்தாரை நோக்கி ஆறுதல் பெறுக என உலகியலார் கூறும் மருந்தினை யாம் கொள்ளேம். பிறர் வறுமையைக் கண்டு ‘யான் செல்வன்’ என மகிழ்தலும் ஆணவத்தின் தொழிலே. மிக்காரைக் கண்டு புழுங்குதலினும் அது நுண்ணியதாகலின், கண்டறிதலும் அரிது. இருவினையொப்பு என நம் ஆசிரியர் கூறியது இப்போலி அமைதியை அன்று. பேறும் இழவும் வருங்கால் ஒன்றனை விழைந்தும் ஒன்றனை வெறுத்தும் சாயாது அறிவு ஒருநிகராய் நிற்றலே அது.

திருவொற்றியூர்க் கலிய நாயனாரை நினைமின். எண்ணெய் வாணிகத்தாற் பெருஞ்செல்வராய் இருந்து, அஃது அழிந்தபின் கூலியாளாய் நின்றார். இரு நிலையினும் அவர் தம்மை அளந்த அளவுகோல் ஒன்றே: இன்று திருக்கோயிலில் விளக்கு எரிந்ததா? செல்வம் போயிற்று, அளவுகோல் மாறவில்லை.

ஈண்டு ஒன்று கூறாதொழிதல் குற்றமாம். மேற்கூறிய அனைத்தையும் எடுத்து, கூலி குறைந்த நெசவாளியிடம் சென்று ‘அமைதி கொள்க’ எனச் சொற்பொழிவாற்றுவார் உளர். அது சித்தாந்தம் அன்று. ஒருவன் கூலியை நியதி என்று கூறி, அதனைக் குறைப்பவன் தன் ஆகாமியத்தை மறந்துவிடலாகாது. பிறனைத் தன் வினைப்பயனை நுகரச்செய்யும் உரிமை இறைவற்கன்றி வணிகற்கு இல்லை. நிலபுலங்களும் வருவாயும் உடைய திருமடங்களைச் சார்ந்த யாமும் இவ்வறிவுரையைக் கூறுமுன் சிறிது தயங்கவேண்டுவதே. தம் மரபில் தோன்றிய நெசவாளராகிய நேச நாயனாரைச் சாலியர் போற்றுகின்றனர். அவர் அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து அளித்தவர். அளித்தற்கும் கையில் நூல் வேண்டுமன்றோ?

பூசலார் வரலாற்றிலும் பலர் கவனியாது விடும் ஒரு பகுதி உண்டு. அவர் மனக்கோயில் எடுத்தார் என்பதனையே யாவரும் கூறுவர். அதற்கு முன்னர் அவர் உண்மையாகவே பொருள் தேடினார். எங்கும் தேடியும் பெறாது வருந்தினார். பொருளை இகழ்ந்து அகத்தே புகுந்தவர் அல்லர். பெறாதபின்னரும் ‘என்னிடம் இல்லை’ என்னும் நினைவோடு நின்றுவிடாமல், கருங்கல்லும் மரமும் தச்சரும் நல்லநாளும் ஆகிய அனைத்தையும் நினைவினாற் சேர்த்தார். ஒரு சிறுபொருளும் குறையாமற் சேர்த்தார். அக்காலத்துக் காடவர்கோன் கச்சியிற் கற்றளி எடுத்தான். அதனை இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயில் என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். செவிலிமேட்டிலிருந்து அது நெடுந்தொலைவில் இல்லை. மன்னன் குறித்த நாளின் முன்னிரவில் இறைவன் அவன் கனவில் தோன்றி, நாளை நின்றவூர்ப் பூசலன் கோயிலிற் புகுவேம், நீ வேறு நாள் கொள்க என்றருளினான்.

பேரரசனது பொருள் முழுதும் செலவிட்ட பணி ஓர் ஏழை அந்தணன் பணிக்கு இரண்டாவதாக வைக்கப்பட்டது. ஒப்பிட்டு அளக்கும் மனத்திற்கு இதனினும் பெரிய அவமதிப்பு உண்டோ? மன்னனோ புழுங்கவில்லை. அக்கோயிலைக் காணவேண்டும் என நின்றவூர்க்குச் சென்றான். ஊரார் அங்ஙனம் ஒரு கோயில் இல்லை என்றபோதும் மீளாது, பூசலாரைத் தேடிக் கண்டு, ‘தேவரீர் எடுத்த ஆலயம் யாது?’ என வினவினான். விடை கேட்டபின் முடிதோய அவர் அடியில் வணங்கித் தன் நகர்க்கு மீண்டான்.