ராகு காலமும் ராயபுரம் ரயிலும்!

செவ்வாய்க்கிழமை மாலை 3 முதல் 4.30 வரை ராகு காலம். எலுமிச்சை விளக்கோடு துர்க்கை சந்நிதிக்கு ஓடுகிறோம். 4.35 ஆகிவிட்டால், ‘ஐயோ, பலன் போச்சே!’ என்று மனம் பதறுகிறது.

இந்த நிமிடக் கணக்கு எப்போது வந்தது தெரியுமா? நம் முன்னோர் சூரியனைப் பார்த்து நாழிகை கணக்கிட்டார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. ரயில் யாருக்காகவும் நிற்காதே! மணியும் நிமிடமும் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தன. 1906-ல் நாட்டுக்கே பொதுவான நேரம் வந்தபோது, சென்னைக் கடிகாரங்கள் சுமார் 9 நிமிடம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. முள்தான் நகர்ந்தது, சூரியன் நகரவில்லை.

ராகு காலம் என்பது பகல் பொழுதில் எட்டில் ஒரு பங்கு. காலண்டரில் இருப்பதோ, காலை 6-க்கு உதயம், மாலை 6-க்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்ட பொதுக் கணக்கு. பகல் நீண்ட ஆனி மாதத்தில், சென்னையில் செவ்வாய் ராகு காலம் சுமார் 3.20-க்குத் தொடங்கி, ஏறக்குறைய 5 மணி வரை இருக்கும்.

ஆகவே சகோதரிகளே, நேரம் பாருங்கள், பதற வேண்டாம். அடுப்படி வேலை முடித்து, சற்றுத் தாமதமாக வந்து ஏற்றும் விளக்கையும் அன்னை ஏற்றுக்கொள்வாள். ரயில் கிளம்பிவிடும், அம்பாள் காத்திருப்பாள்!