கல்லிலே கன்னி, கண்ணீரிலே பெண்

நீதிக்கு உருவம் தீட்டச் சொன்னால், கண்ணைக் கட்டி, கையில் தராசு கொடுத்து ஒரு பெண்ணை நிறுத்துகிறார்கள். விடுதலைக்கு உருவம் வேண்டுமா? பெண். நாட்டுக்கு உருவம் வேண்டுமா? அதற்கும் பெண். போற்றத்தக்க பண்புகளுக்கெல்லாம் பெண்ணுருவம் தந்த உலகம், அப்பண்புகளின் பயனைப் பெண்ணுக்குத் தந்ததா? இதுவே நாம் எழுப்பும் கேள்வி.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியக் கலைஞர்கள் பழைய கிரேக்க, ரோமானியச் சிற்பங்களை முன்மாதிரியாகக் கொண்டனர். புதுச்செவ்வியல் என்பர் அதனை. கருத்துக்கு மனித உடல் தந்து, அவ்வுடலைக் கொண்டு அரசியல் பேசும் உருவகம், அக்கலைக்குக் கைவந்த கருவி. அக்கருவி யாருக்குப் பயன்பட்டது என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

1778-இல் ஸ்பிரிடியோனே ரோமா என்ற ஓவியர், இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனித் தலைமையகத்தின் மேற்கூரைக்கு ஓர் ஓவியம் தீட்டினார். பிரிட்டானியா என்னும் நங்கை உயரத்தில் வீற்றிருக்கிறாள். இந்தியா என்னும் நங்கை கீழிருந்து அணிமணிகளை நீட்டுகிறாள். பறித்தது அங்கே படைத்ததாகிறது. கொள்ளை அங்கே காணிக்கையாகிறது! வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய 1770 கழிந்து எட்டே ஆண்டுகள். பட்டினிப் பிணங்களுக்கு அவ்வோவியத்தில் இடமில்லை.

வணிகக் கூட்டம் அப்படித்தான் தீட்டும் என்பீர்கள். புரட்சி செய்த பிரான்சு என்ன செய்தது? 1792-இல் மன்னராட்சியை ஒழித்த குடியரசு, தன் முத்திரையில் விடுதலையைப் பெண்ணாகப் பொறித்தது. மறு ஆண்டே பெண்களின் அரசியல் மன்றங்களைத் தடை செய்தது. பெண்ணுரிமைச் சாசனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் அம்மையாரைக் கொலைக்களத்துக்கு அனுப்பியது. பிரெஞ்சுப் பெண் வாக்குரிமை பெற்றது 1944-இல்! முத்திரையில் ஏறியவள் வாக்குச்சாவடிக்கு வந்து சேர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

தொலைவில் உள்ளோரை எண்ணி நகைக்க வேண்டாம், தோழர்களே! நம் நாஞ்சில் நாட்டைப் பாருங்கள். குமரிமுனையிலே கன்னி உருவம். தூய்மைக்கும் தவத்துக்கும் அவளே சின்னம் என்றனர். அவளுக்குப் பட்டுண்டு, ஒளிவீசும் மூக்குத்தியுண்டு. அதே மண்ணில், பனையேறிப் பிழைத்த நாடார் குடும்பத்துப் பெண் மார்பிலே சீலையிட்டால் சீறி எழுந்தது மேல்சாதி! 1822 முதல் 1859 வரை தோள்சீலைக்காகக் கலகங்கள் மூண்டன; தெருவிலும் சந்தையிலும் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1859 சூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆணை பிறந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப்போல் அணியலாகாது என்ற விலங்கு! கல்லுக்குப் பட்டு, உயிருக்கு ஒரு முழத் துணிக்கும் தடை!

அப்படியானால் உருவகமே தீதா? அன்று. அதே குமரிமுனையில் 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையும் உருவகமே. 133 அதிகாரங்களைக் குறிக்க 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் 38 அடிப் பீடமாயின. பொருளும் இன்பமும் அதன்மேல் 95 அடிச் சிலையாய் எழுந்தன. அறத்தின்மீதுதான் செல்வமும் இன்பமும் நிற்கவேண்டும் என்பது அக்கல் சொல்லும் பாடம். அது வணங்கச் சொல்லவில்லை, எண்ணச் சொல்கிறது. ஆனால், அதனைக் கண்டு களித்துத் திரும்பி, வீட்டிலே பிறப்பால் உயர்வு தாழ்வு பேசினால், அதுவும் வெறுங்கல்லே!

ஆகவே, சிலையைக் கண்டால் அதன் உயரத்தை மட்டும் அளக்காதீர்கள். அதன் நிழலில் நிற்கும் மனிதரைப் பாருங்கள். இதனை வைத்தவர் யார்? எதை மறைக்க வைத்தார்? சிலைக்குத் தந்த சிறப்பை உயிருக்குத் தந்தாரா? இம்மூன்றையும் கேட்கத் துணிந்தவனே கலையை அறிந்தவன்.