மறைக்காத பூச்சு

நல்லதைக் காப்பதற்காக ஒன்றை மூடுகிறோம். குறையை ஒளிப்பதற்காகவும் ஒன்றை மூடுகிறோம். பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம் என்னும் வினா, பெரிய நூல்களைப் புரட்டிய வேளையில் நமக்கு எழவில்லை. நம் கையால் செய்த சிறு மரப்பெட்டி ஒன்றுக்கு மேற்பூச்சுத் தேடியபோதுதான் அது நம்முன் வந்து நின்றது.

நம் பெற்றோர் கொல்லையில் நட்டு வளர்த்த பலாமரம் ஒரு புயலில் சாய்ந்தது. அதன் வைரப் பகுதியைப் பலகையாக அறுத்து, நிழலில் நன்கு உலரவிட்டு, மணமாகிச் செல்லவிருந்த மகளுக்கு ஒரு பெட்டி செய்தோம். பழைய கடிதங்களும் குடும்ப நிழற்படங்களும் அதில் இருக்கட்டும் என்பது நம் எண்ணம். நாம் தொழில் கற்ற தச்சர் அல்லோம். மூன்று மூலைகள் செம்மையாகப் பொருந்தின. நான்காவதில் அறுப்பு அரை நூல் விலகிற்று. மரத்தூளைப் பசையில் குழைத்து அவ்விடைவெளியை அடைத்தோம்.

அயலிலிருந்த முதிய தச்சர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கறுப்பு பாலிஷ் போட்டுட்டா யாருக்கும் தெரியாதுங்க. கிளியரா அடிச்சா எல்லாமே தெரியும்” என்றார். அவர் சொன்னது தொழில்நுட்பம்; நம் காதில் விழுந்ததோ அறவினா.

நிறப்பூச்சு பொய், தெளிபூச்சு மெய் என்று எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் சன்னலுக்கு நிறப்பூச்சே நல்ல காவல். அதிலுள்ள நிறமி வெயிலைத் தடுப்பதுபோலத் தெளிந்த வார்னிஷ் தடுப்பதில்லை. தன் பிழையை ஊரறியக் காட்டுவதிலும் ஒருவகைப் பெருமிதம் ஒளிந்திருக்கக்கூடும். ‘பாருங்கள், நாம் எத்துணை நேர்மையாளர்!’ என்று அது மெல்லச் சொல்லும். அழகிய பொருளைப் பெற வேண்டியவளுக்கு நம் நேர்மையின் விளம்பரத்தைக் கொடுப்பது அன்பாகுமா?

அப்படியாயின் பொய் எங்கே தொடங்குகிறது? மறைக்கப்படுவது யாருக்கு உரியது என்று கேட்டால் விடை சற்றுத் துலங்கும். இழைப்புளி ஓரிடத்தில் ஆழமாய்ப் பதிந்த தழும்பு நம் நாணத்துக்கு மட்டுமே உரியது. அதை மறைத்தால் எவர்க்கும் இழப்பில்லை. பொருந்தாத மூலையோ அத்தகையதன்று. பெட்டியைத் தூக்கும்போது பாரத்தைத் தாங்க வேண்டியது அதுவே. பசையும் தூளும் இடைவெளியை நிரப்புமேயன்றி இணைப்புக்கு வலிமை தருவதில்லை. அம்மூலை நலிந்தது என்பதை அறியும் உரிமை, அதைத் தூக்கப்போகிறவளுக்கு உண்டு. நம்மை நம்பிப் பெற்றுக்கொள்பவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ, அதை மூடுவதே வஞ்சனை. பண்டங்களை விற்பவர்க்கும், வரன் பேசுவோர்க்கும், பொதுப்பணத்தின் கணக்கைப் படிப்போர்க்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

எனவே தெளிபூச்சு என்று முடிவு செய்தோம். ஆயினும் தெளிபூச்சுகள் பல. ஆளிவிதை எண்ணெய் மரத்துள் ஊறி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். ஆனால் மூடிய பெட்டிக்குள் அதன் மணம் நெடுநாள் தங்கும். அதைத் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றவும் கூடும். பாலியுரிதேன் கண்ணாடிபோல் கடினமானது. நீருக்கு எளிதில் அசையாது. ஆனால் ஒருமுறை இறுகியபின் புதிய பூச்சு அதில் கரைந்து கலப்பதில்லை. கீறல் விழுந்த இடத்தை மட்டும் செப்பனிட முயன்றால் ஒட்டுப்போட்டது தெரியும். பெரும்பாலும் முழுப்பரப்பையும் தேய்த்தே மீண்டும் பூச வேண்டிவரும்.

செல்லாக் எனப்படும் அரக்கின் இயல்பு வேறு. நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் அது. ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து ஒற்றிப் பூசுவர். மாத்திரைகளின் மேற்பூச்சாகவும் பயன்படுவதால் பெட்டியின் உட்புறத்துக்கும் அஞ்சவேண்டியதில்லை. அது மென்மையானது, சூடான குவளையை வைத்தால் வெண்வளையம் விழும். ஆயினும் புதிய பூச்சு பழையதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். உடையாத காவலா, திருத்தத்தக்க காவலா என்பதே இங்குத் தேர்வு. நாம் அரக்கையே கொண்டோம். பாண்டவரை எரிப்பதற்கென வஞ்சகமாய் எழுப்பிய மாளிகையும் அரக்கினால் ஆனதுதானே! பொருளில் குற்றமில்லை, அதைக் கையாளும் நெஞ்சில்தான் இருக்கிறது.

பூசுவதற்கு முன் மரத்தை ஸ்பிரிட்டால் ஒருமுறை ஈரப்படுத்திப் பார் என்றார் தச்சர். ஈரம் பட்டதும், உப்புத்தாளின் குறுக்குக் கீறல்களும் அறியாமல் சிந்திய பசைத் திட்டுகளும் பளிச்சென வெளிப்பட்டன. அவற்றை நீக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. நிறம் பூசியிருந்தால் அவ்வுழைப்பு தேவைப்பட்டிராது. தெரியப்போகிறது என்று அறிந்தே நாம் அவ்விடங்களை உண்மையாகத் திருத்தினோம். மறைப்பு கிடைக்கும் இடத்தில் திருத்தம் தள்ளிப்போகிறது என்பதை அந்த இரண்டு நாட்களில் கற்றோம்.

நான்காம் மூலையில் ஒரு கரிய கோடு நின்றுவிட்டது. மகள் அதன்மீது விரலோட்டி, “இது என்னப்பா?” என்றாள். நடந்ததைச் சொன்னோம், அந்தப் பக்கம் பிடித்துத் தூக்காதே என்றும் சொன்னோம். அவள் தலையசைத்து, இரு கைகளாலும் அடியில் தாங்கி எடுத்துச் சென்றாள்.

பலாவின் மஞ்சள் காலப்போக்கில் ஒளிபட்டுச் செம்பழுப்பாக மாறும். தெளிபூச்சு அதைத் தடுப்பதில்லை. மரம் முதிர முதிர, அதன் நிறம் அந்தக் கரிய கோட்டை நெருங்கி வரக்கூடும். அப்போது அதைத் தேடித்தான் காண வேண்டியிருக்கும். ஆனால் அவளுக்கு அது இருக்கும் இடம் தெரியும்.