காவலும் கவலையும்

மைசூருக்கு அருகே காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் தீவாக அமைந்துள்ளது ஸ்ரீரங்கப்பட்டணம். ஆதிரங்கம் என்று போற்றப்படும் இத்தலத்தில் பள்ளிகொண்ட அரங்கனைத் தரிசித்து வரும் அன்பர்களின் கண்ணில் படுவது பழைய கோட்டை மதில். 1792-இல் ஆங்கிலேயரும் அவர்களது துணைப்படையினரும் இக்கோட்டையை முற்றுகையிட்டனர். திப்பு சுல்தான் நாட்டில் ஏறத்தாழப் பாதியையும், பிணையாகப் புதல்வர் இருவரையும் கொடுத்து முற்றுகையை விலக்கினார். முற்றுகை நீங்கியது, பகை நீங்கவில்லை. ஏழாண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயர் படை திரும்பி வந்தது. 1799 மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது.

நுரையீரல் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே கண்டறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் நிலையும் இத்தகையதே. நுரையீரலில் ஒரு பகுதியை இழந்து அவர் மீள்கிறார். ‘கட்டி முழுவதும் அகற்றப்பட்டது’ என்று மருத்துவர் கூறியதும் இல்லத்தில் நிம்மதி பிறக்கிறது. ஆயினும் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தென்படும் கட்டியையே கத்தி அகற்ற முடியும். அதற்கு முன்பே இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ வெளியேறிய சில செல்கள் மூளையிலோ எலும்பிலோ மற்றொரு நுரையீரலிலோ ஒளிந்திருக்கக்கூடும். எனவேதான் பொதுவாக முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் சி.டி. ஸ்கேன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

‘மீண்டும் வருமோ?’ என்ற கேள்வியோடு ஒருவர் எப்படி வாழ்வது? சிலர் இரவும் பகலும் அஞ்சி, நோய் எடுத்துக்கொள்ளாத நாட்களையும் தாமே இழந்துவிடுகின்றனர். சிலர், தெரியாதிருப்பதே நிம்மதி என்று பரிசோதனையையே தவிர்க்கின்றனர். நோய் திரும்பிவிட்டாலோ, ‘வழிபாட்டில் என்ன குறை வைத்தேன்?’ என்று தம்மையே குற்றவாளியாக்கிக் கொள்பவர் பலர். உற்றாரும் சில வேளைகளில் அதையே வாய்விட்டுக் கூறிவிடுகின்றனர்.

மகரிஷியின் இறுதி ஆண்டு

பக்தியின் குறையால்தான் நோய் திரும்புகிறது என்றால், திருவண்ணாமலையில் நிகழ்ந்ததை எவ்வாறு விளக்குவது? பகவான் ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய சிறு கட்டி 1949 பிப்ரவரியில் அகற்றப்பட்டது. விரைவிலேயே அது மீண்டும் வளர்ந்தது. மார்ச்சில் இரண்டாம் அறுவை. சார்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. ரேடியம் சிகிச்சையும் நடந்தது. ஆகஸ்டில் மூன்றாவது, டிசம்பரில் நான்காவது அறுவை. கையையே அகற்றலாம் என்ற யோசனையை மட்டும் அவர் ஏற்கவில்லை. மற்றபடி அன்பர்களும் மருத்துவர்களும் அளித்த சிகிச்சைகளுக்கு இசைந்தார். 1950 ஏப்ரல் 14-இல் மறையும் நாள்வரை அன்பர்களுக்குத் தரிசனம் அளிப்பதை நிறுத்தவில்லை.

மருத்துவத்திற்கு இசைவது நம்பிக்கைக் குறைவன்று. நோய் திரும்புவது ஆன்மிகத் தோல்வியுமன்று என்பதை அவ்வாழ்வு காட்டுகிறது. ஆயினும் ஞானியின் அமைதியை நோயாளியின் மீது வீசும் சாட்டையாக்கலாகாது. பரிசோதனைக்கு முந்தைய இரவில் நடுங்கும் மனத்திற்குத் தேவை உபதேசமன்று; அருகே ஒருவர் அமர்ந்திருப்பதே.

காவல் வேறு, கவலை வேறு. குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்லுதல், புகைப்பழக்கம் இருந்தால் விடுதல், நீங்காத இருமல், எலும்பு வலி, காரணமற்ற உடல் மெலிவு ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் — இவை காவல். இவற்றைச் செய்து முடித்த பின்னும் மனம் இரவெல்லாம் மதிலைச் சுற்றி வருமானால் அது கவலை. அதனால் ஒரு செல்லும் அழிவதில்லை. செயலைச் செய்து பயனை விட்டுவிடுக என்னும் கீதையின் போதனை இங்கே ஏட்டளவில் நில்லாமல் மருந்தாகிறது.

நோய் திரும்பினாலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. கதிர்வீச்சும், செல்லின் மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் இன்று உள்ளன. குணமாக்க இயலாதபோது வலியைத் தணிப்பதும் சிகிச்சையே. அதை ஏற்பது தோல்வியாகாது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வாழ்ந்த அரண்மனை இன்று இடிபாடாகக் கிடக்கிறது. அதே கோட்டைக்குள் அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். உடலென்னும் கோட்டையைக் காப்பது கடமை. அது என்றேனும் விழக்கூடியது என்று அறிவது தெளிவு. விழாத ஒன்று உள்ளே இருப்பதை உணர்ந்தவர், இரு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாட்களை அச்சத்திற்குக் கப்பமாகக் கட்டாமல் முழுமையாக வாழ்வார்.